தம்பி, அந்தப் பெட்டியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்



இம்முறை வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். பாடாங் மேஹாவிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. பெயர் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கடிதத்தை அப்படியே தருகிறேன்:

"ஐயா, என் வீட்டுக்காரருக்கு வயது 41. செம்பனையில் குலை வெட்டுகிறார். குடி கிடையாது, சூது கிடையாது. சம்பளத்தை என் கையில்தான் கொடுப்பார். ஆனால் ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் இல்லாமல் அவரால் இருக்க முடியாது. போன வாரம், படிவம் இரண்டில் படிக்கும் எங்கள் மகனின் புத்தகப் பையில் ஒரு வேப் கிடைத்தது. இவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டார். பையன் அடி வாங்கிக்கொண்டே, 'நீங்க மட்டும் ஊதலாமாப்பா?' என்று கேட்டுவிட்டான். அன்று முதல் அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. நான் சொன்னால் இவர் கேட்கமாட்டார். புத்தகத்தில் வந்தால் கேட்பார். சிகரெட்டை விடுவதற்கு நாலு காரணம் எழுதுங்கள் ஐயா. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு நான் வாசித்துக் காட்டுகிறேன்."

சகோதரி, தாராளமாக வாசித்துக் காட்டுங்கள். இதற்குமேல் எழுதுவது உங்களுக்கு அல்ல, உங்கள் வீட்டுக்காரருக்கு. இதே பழக்கம் உள்ள வீடுகளில் மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் என் கதை

தம்பி, சாப்பிட்டாயிற்றா? சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று பற்றவைக்கும் நேரம் இது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஏனென்றால் 22 வருடம் நானும் அதையேதான் செய்தேன். ஆகவே உங்களுக்கு உபதேசம் செய்யும் யோக்கியதை எனக்கு இல்லை. பட்டதைச் சொல்லும் யோக்கியதை மட்டும் உண்டு.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். விடியற்காலைப் பிரட்டு முடிந்து நிரைக்குள் நுழைந்தால் கொசு மொய்க்கும். இடுப்பில் கொசுவத்தியைக் கட்டிக்கொண்டு வெட்டியவர்கள் உண்டு. வாயில் பீடியோடு வெட்டியவர்களும் உண்டு. அப்பா இரண்டாவது ரகம். மரங்களை வெட்டி முடித்துப் பால் சொட்டி நிற்கும் வரை உட்கார்ந்திருக்கும்போது ஒன்று. ஸ்டோரில் பால் நிறுக்க வரிசையில் நிற்கும்போது ஒன்று. பசியாறப் போகும் வரை வயிற்றைச் சமாளிக்க ஒன்று. அட்டை கடித்தால் நனைத்த புகையிலையை அதன்மேல் வைத்தால் விட்டுவிடும். இப்படிப் புகையிலை தோட்டத்து மனிதனுக்கு ஒரு கூட்டாளி மாதிரி இருந்தது. குடிகாரனைத்தான் ஊர் ஏசும். புகைப்பவனை யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள்.

"கடைக்கு ஓடிப் போய் ரெண்டு ரோக்கோ வாங்கிட்டு வாடா" என்று அப்பா என்னைத்தான் அனுப்புவார். சில நாள் அடுப்பில் பற்றவைத்துக் கொண்டுவரச் சொல்வார். அது அணையாமல் இருக்க வழியில் ஒரு இழுப்பு இழுக்கவேண்டும். நான் பழகியது அப்படித்தான். எனக்குச் சிகரெட் கற்றுக்கொடுத்தது கெட்ட சகவாசம் அல்ல, என்மேல் உயிரையே வைத்திருந்த என் அப்பா.

வெளியிலும் அப்படித்தான் இருந்தது. படம் பார்க்கப் போனால் சிகரெட் விளம்பரம். பந்து விளையாட்டுக்குப் போனால் அங்கேயும் சிகரெட் பெயர். 1990களில் இந்நாட்டுக் காற்பந்து லீக்கே டன்ஹில் பெயரைத் தாங்கி நடந்ததை நீங்களும் சிறுவனாகப் பார்த்திருப்பீர்கள். ஆகவே நீங்கள் இந்த வலையில் விழுந்தது உங்கள் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். வலையிலிருந்து வெளியே வருவது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது.

உங்கள் மனைவி கேட்ட நாலு காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் காரணம்: எட்டு நாள் வியர்வை

2015ம் ஆண்டு நவம்பரில் தீர்வை ஏறியபோது, பெயர்பெற்ற சிகரெட் ஒரு பெட்டி 17 வெள்ளி ஆனது. அந்த 17 வெள்ளியையே கணக்கில் வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு ஒரு பெட்டி என்றால் மாதம் 510 வெள்ளி.

இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025ம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. 1,700 வெள்ளியில் 510 வெள்ளி என்பது பத்தில் மூன்று பங்கு. மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்தால், ஏறக்குறைய எட்டு நாள் வேலை சிகரெட்டுக்கே சரியாகிவிடுகிறது. தம்பி, அந்த எட்டு நாளும் நீங்கள் அரிவாள் பிடித்து அண்ணாந்து குலை வெட்டியதும், மழையில் நனைந்ததும், முள் குத்தியதும் உங்கள் வீட்டுக்காக அல்ல. வருடக் கணக்கில் அது 6,120 வெள்ளி. மூன்றரை மாதச் சம்பளத்துக்கும் மேல்!

"நான் விலை உயர்ந்ததை வாங்குவதில்லை, திருட்டுச் சிகரெட்தான்" என்று சொல்வீர்கள். சரி, ஒரு பெட்டி 5 வெள்ளி என்றே வைப்போம். வருடத்துக்கு 1,800 வெள்ளி ஆகிறது. அதுவும் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிவிட்டது. தீர்வை கட்டாத சிகரெட்டை வைத்திருப்பதே குற்றம் என்பது வேறு. விலை குறைந்ததால் அதன் விஷம் குறைவதில்லை.

"பீடிக்கு மாறிக்கொள்கிறேன்" என்பவர்களும் உண்டு. பீடி சின்னதாக இருக்கிறதே, ஒரு சிட்டிகைப் புகையிலைதானே என்று நினைக்கிறோம். பீடியைச் சுற்றியுள்ள இலை சரியாக எரியாது. அணையாமல் இருக்க அடிக்கடி, ஆழமாக இழுக்கவேண்டும். சோதித்துப் பார்த்ததில் பீடிப் புகையில் நிக்கோட்டினும் தாரும் சிகரெட்டுக்குக் குறையாமல், சொல்லப்போனால் கூடுதலாகவே இருந்தன. பீடிக்கு மாறுவது சட்டியிலிருந்து அடுப்பில் விழுந்த கதைதான்.

இரண்டாம் காரணம்: இன்னும் ஒன்பது வருடம்

"எங்க தாத்தா 80 வயது வரைக்கும் சுருட்டு குடிச்சார், ஒண்ணும் ஆகலையே" என்று சொல்பவர்கள் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். தாத்தா இருந்தார், உண்மை. அவரோடு சுருட்டுக் குடித்து 55 வயதில் போனவர்கள் பேச வரமாட்டார்கள் அல்லவா? அதனால்தான் ஒரு தாத்தாவைப் பார்த்து முடிவு செய்யாமல் ஆயிரக்கணக்கான பேரைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள்.

இங்கிலாந்தில் ரிச்சர்டு டால் என்று ஒரு டாக்டர். பிராட்ஃபோர்டு ஹில் என்ற புள்ளிவிவர நிபுணரோடு சேர்ந்து, நுரையீரல் புற்றுநோய் ஏன் பெருகுகிறது என்று ஆராய்ந்தார். சாலைத் தாரோ மோட்டார் புகையோ காரணமாக இருக்கும் என்பதுதான் அவருடைய முதல் சந்தேகம். நோயாளிகளை விசாரிக்க விசாரிக்க விரல் சிகரெட்டையே காட்டியது. அதுவரை சிகரெட் பிடித்து வந்த டால் அதைத் தூக்கி எறிந்துவிட்டார். 1950ம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். 1951ம் ஆண்டில் டாக்டர்களிடமே கணக்கெடுக்கத் தொடங்கி, 34,000க்கும் மேற்பட்ட ஆண் டாக்டர்களை 50 வருடம் விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். 2004ம் ஆண்டில் அந்த 50 வருட முடிவு வெளியானபோது டாலுக்கு வயது 91!

அந்த முடிவு என்ன? வாழ்நாள் முழுதும் புகைத்தவர்கள் புகைக்காதவர்களைவிடச் சராசரியாகப் பத்து வருடம் முன்னதாகவே இறந்தார்கள். நமக்கு வேண்டிய செய்தி அதற்கு அடுத்ததுதான். 60 வயதில் விட்டவர்கள் ஏறக்குறைய மூன்று வருடத்தை மீட்டுக்கொண்டார்கள். 50 வயதில் விட்டவர்கள் ஆறு வருடம். 40 வயதில் விட்டவர்கள் ஒன்பது வருடம். 30 வயதில் விட்டவர்கள் பத்து வருடத்தையும் கிட்டத்தட்ட முழுதாகவே.

தம்பி, உங்களுக்கு வயது 41. இன்று விட்டால் ஏறக்குறைய ஒன்பது வருடம் கைக்கு வருகிறது. ஒன்பது வருடத்தில் மகனின் படிப்பு முடிந்து, கல்யாணம் முடிந்து, பேரப்பிள்ளை மடியில் இருக்கும். "இத்தனை வருடம் குடித்தாயிற்று, இனி விட்டு என்ன ஆகப்போகிறது" என்பதற்கு இதுதான் பதில்.

புகைக்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது? புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு இருக்கிறது. ரத்தத்தில் பிராணவாயு ஏறவேண்டிய இடத்தில் அது ஏறி உட்கார்ந்துகொள்கிறது. பள்ளிப் பஸ்ஸில் பிள்ளைகளுக்கு உரிய இடத்தைப் பிடித்துக்கொண்ட முரடன் மாதிரி. அதனால்தான் குலை சுமக்கும்போது மூச்சு வாங்குகிறது. கடைசிச் சிகரெட்டை அணைத்து 12 மணி நேரத்தில் அந்த வாயு ரத்தத்திலிருந்து பெரும்பாலும் வெளியேறிவிடும். சில வாரங்களில் ரத்த ஓட்டம் சீராகும். சில மாதங்களில் இருமலும் இளைப்பும் குறையும். ஒரு வருடத்தில், புகையால் கூடியிருந்த மாரடைப்பு அபாயம் பாதியாகக் குறையும். பத்து வருடத்தில் நுரையீரல் புற்றுநோய் அபாயம், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிட்டால், ஏறக்குறைய பாதியாகும். இத்தனை வருடம் நாம் அடித்த அடியை மறந்து, விட்ட அன்றே உடம்பு தன்னைச் சீர் செய்யத் தொடங்கிவிடுகிறது. இப்படி மன்னிக்கும் கூட்டாளி வேறு யார்?

நம்மவர்களுக்கு இன்னொரு கூடுதல் ஆபத்தும் உண்டு. 2019ம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, இந்நாட்டு இந்தியரில் பெரியவர்கள் பத்துப் பேருக்கு மூவருக்கு நீரிழிவு. மூன்று இனத்தாரிலும் நாம்தான் முதலிடம். நீரிழிவு ரத்தக் குழாயைக் கெடுக்கும். சிகரெட்டும் அதே குழாயைத்தான் கெடுக்கும். இரண்டும் சேர்ந்தால் இருதயத்துக்கும் ஆபத்து, காலுக்கும் ஆபத்து. கால் விரலை எடுத்து, பிறகு பாதத்தை எடுத்து, பிறகு முழங்கால் வரை எடுத்த கதை ஒவ்வொரு தோட்டத்திலும் ஒன்றாவது இருக்கும். சர்க்கரை உள்ளவர் சிகரெட் பிடிப்பது, எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதற்குச் சமம்.

மூன்றாம் காரணம்: பிடிக்காதவர்களும் பிடிக்கிறார்கள்

"என் காசு, என் உடம்பு, யாருக்கு என்ன நஷ்டம்?" என்று நானும் ஒரு காலத்தில் பேசியவன்தான்.

ஜப்பானில் தக்கேஷி ஹிராயாமா என்ற ஆய்வாளர் 1981ம் ஆண்டில் ஒரு ஆய்வை வெளியிட்டார். சிகரெட்டைத் தொட்டே பார்க்காத 91,000க்கும் மேற்பட்ட மனைவிமார்களை 14 வருடம் கவனித்து எழுதியது. கணவன் புகைக்கும் வீட்டுப் பெண்களுக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. கணவன் அதிகம் புகைத்தால் மனைவிக்கும் அபாயம் அதிகமாக இருந்தது. சிகரெட் கம்பெனிகள் அதை மறுத்துப் பார்த்தன. பிறகு பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் அதையே உறுதிப்படுத்தின. இன்று புகையிலையால் உலகத்தில் வருடத்துக்கு 70 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், தாம் புகைக்காமல் மற்றவர் விட்ட புகையைச் சுவாசித்தவர்கள்.

நமது வீடுகளின் அளவு நமக்குத் தெரியும். லயத்து வீடானாலும் சரி, மலிவு விலை வீடானாலும் சரி, கூடத்தில் விட்ட புகை அடுப்படிக்கும் போகும், தொட்டிலுக்கும் போகும். சன்னலைத் திறந்து வைத்தாலும் காற்றாடியைச் சுழலவிட்டாலும் முழுதும் போகாது. குழந்தைகளுக்குச் சளி, காதுவலி, இளைப்பு அடிக்கடி வருகிறதென்றால் வீட்டுப் புகையும் ஒரு காரணமாக இருக்கலாம். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் புகைத்தால் வயிற்றில் இருக்கும் சிசுவையும் அது பாதிக்கும்.

சாப்பாட்டுக் கடைகளில் புகைக்கக்கூடாது என்ற சட்டம் 2019ம் ஆண்டு ஜனவரி 1ம் தேதி முதல் நடப்பில் இருக்கிறது. கடையில் முன்பின் தெரியாதவருக்காக வெளியே எழுந்து போய்ப் புகைக்கிறோம். பெற்ற பிள்ளைக்கு அந்த மரியாதையைக் கொடுக்கவேண்டாமா?

நான்காம் காரணம்: மகன் கேட்ட கேள்வி

இதுதான் தம்பி, உண்மையான காரணம். மற்ற மூன்றும் நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டவை. 2009ம் ஆண்டு முதல் பெட்டியிலேயே அழுகிய வாயையும் நுரையீரலையும் படமாகப் போட்டு வருகிறார்கள். படத்தைப் பெருவிரலால் மறைத்துக்கொண்டு நாம் பற்றவைக்கிறோம்.

மகன் கேட்டதை எதிர்ப்பேச்சு என்று நினைத்து அடித்தீர்கள். யோசித்துப் பாருங்கள், அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்திருந்தால் கை ஓங்கியிருக்காது.

உங்கள் மகன் மட்டும் அல்ல. 2022ம் ஆண்டில் இந்நாட்டு இளையோரிடம் நடத்திய சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 15 பேர் வேப் பயன்படுத்துவதாகத் தெரிந்தது. சிகரெட் பிடிப்பவர்கள் நூற்றுக்கு ஆறு பேர்தான். 2023ம் ஆண்டு மார்ச் 31ம் தேதி வேப் திரவத்தில் உள்ள நிக்கோட்டினை விஷப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அதன்பிறகு ஏறக்குறைய ஒன்றரை வருடம் சிறுவருக்கு விற்பதைத் தடுக்கச் சரியான சட்டம் இல்லாமல் கிடந்தது. 2024ம் ஆண்டு அக்டோபர் 1ம் தேதி முதல் புதிய சட்டம் நடப்புக்கு வந்திருக்கிறது. இப்போது 18 வயது நிரம்பாதவருக்குச் சிகரெட்டோ வேப்போ விற்பது குற்றம். தடை செய்த இடத்தில் ஊதினால் 5,000 வெள்ளி வரை அபராதம்.

சட்டம் கடைக்காரனைப் பிடிக்கும். வீட்டுக்குள் சட்டம் வராது. அங்கே பிள்ளைக்குச் சட்டம் அப்பாதான். பழ வாசனை வந்தாலும் வண்ண விளக்கு எரிந்தாலும், பெரும்பாலான வேப்பின் உள்ளே இருப்பது அதே நிக்கோட்டின்தான். உங்களைப் பிடித்து வைத்திருக்கும் அதே விலங்கு இப்போது அவன் காலில் மாட்டப் பார்க்கிறது. அந்த விலங்கின் கனம் அவனுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். நாளை அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "ஐயா, நான் இதில் மாட்டிக்கொண்டு வெளியே வரமுடியாமல் கிடக்கிறேன். நீ மாட்டிக்கொள்ளாதே. நானும் விடுகிறேன், நீயும் விடு" என்று சொல்லிப் பாருங்கள். பெல்ட்டால் முடியாதது அந்த ஒரு வார்த்தையால் முடியும்.

என் அப்பா அப்படி ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை. சொல்லத் தெரியாமல் இல்லை. கடைசி இரண்டு வருடம் மூச்சுத் திணறலில் அவரால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியவில்லை. 58 வயதில் போனார்.

சகோதரிக்கு ஒரு வார்த்தை

ஆண்களையே சொல்லிக்கொண்டிருந்தால் பெண்கள் சிரிப்பார்கள். வீட்டில் அம்மாவோ மாமியாரோ வெற்றிலையோடு புகையிலை போடுகிறார்களா? அதுவும் இதே விஷம்தான். இந்நாட்டில் வாய்ப் புற்றுநோய் மூன்று இனத்தாரிலும் இந்தியரிடையேதான் அதிகம், அதிலும் நமது பெண்களிடையே அதிகம். புகையிலை சேர்க்காமல் வெற்றிலை பாக்கு மட்டும் போட்டாலும் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருளே என்று உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004ம் ஆண்டில் அறிவித்திருக்கிறது. வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளைப் படலமோ, வாய் திறக்கச் சிரமமோ இருந்தால் தாமதிக்காமல் பல் டாக்டரிடம் காட்டுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்தலாம்.

எப்படி விடுவது?

காரணம் தெரிந்தும் விடமுடியவில்லை என்பதுதான் பலருடைய நிலை. அதற்குக் காரணம் மனத்திடம் இல்லாதது அல்ல. நிக்கோட்டின் இழுத்த சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். இரண்டு மணி நேரத்தில் பாதி குறைந்துவிடும். உடனே மூளை மறுபடி கேட்கும். எரிச்சல் வரும். ஒன்று பிடித்தால் எரிச்சல் அடங்கும். "சிகரெட் என் கவலையைக் குறைக்கிறது" என்று நினைக்கிறோம். முந்தின சிகரெட் உண்டாக்கிய எரிச்சலைத்தான் பிந்தின சிகரெட் அடக்குகிறது.

ஒரு நாளைக் குறியுங்கள். சம்பள நாளாக இருந்தால் நல்லது. அன்று வீட்டில் ஒரு சிகரெட்கூட, லைட்டர்கூட இருக்கக்கூடாது. மகனிடமும் வேலைக் கூட்டாளிகளிடமும் சொல்லிவிடுங்கள்.

முதல் மூன்று நாள்தான் கடினம். ஆசை கிளம்பினால் ஐந்து நிமிடம் தள்ளிப் போடுங்கள். தண்ணீர் குடியுங்கள், எழுந்து நடங்கள். அலை மாதிரி வந்து தானே இறங்கிவிடும். முதல் சில வாரம் காப்பியைப் பாதியாகக் குறையுங்கள். சிகரெட்டை விட்டவர் உடம்பில் காப்பியின் வேகம் கூடுதல் நேரம் தங்கும், படபடப்பு வரும். அதைச் சிகரெட் ஆசை என்று தப்பாக நினைத்துக்கொள்வோம். இருமல் சில நாள் அதிகமானால் பயப்படவேண்டாம், நுரையீரல் தன்னைக் கழுவிக்கொள்கிறது.

தனியாக முடியவில்லை என்றால் அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போங்கள். புகைப்பதை நிறுத்த உதவும் சிகிச்சை பல நிலையங்களில் உண்டு. நிக்கோட்டின் மெல்லும் பசை, தோலில் ஒட்டும் பட்டை, மாத்திரை என்று வழிகள் இருக்கின்றன. டாக்டரின் ஆலோசனையும் மருந்தும் சேர்ந்தால் தனியாக முயல்வதைவிட வெற்றி வாய்ப்பு அதிகம்.

முதல் தடவை தோற்றால் வெட்கப்படவேண்டாம். பெரும்பாலோர் பல தடவை முயன்றுதான் விட்டார்கள். நான் இரண்டு தடவை தோற்றவன். மூன்றாம் தடவை விட்டதற்குக் காரணம் ஒரு தைப்பூசம். பினாங்கு தண்ணீர்மலைப் படியில் பாதி ஏறுவதற்குள் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டேன். பால்குடம் சுமந்து வந்த என் அம்மா என்னைத் தாண்டிப் போனார்கள். வயது 66. மேலே போய் நின்று, திரும்பி, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவைப் பார்த்த அதே பார்வை. அன்று இறங்கி வந்து பெட்டியைக் குப்பையில் போட்டவன்தான்.

சகோதரி, உங்களுக்கும் வேலை உண்டு. முதல் இரண்டு வாரம் அவர் சள்ளென்று விழுவார். அது நிக்கோட்டின் பேசும் பேச்சு. பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிடித்துவிட்டார் என்று தெரிந்தாலும் குத்திக் காட்டவேண்டாம்.

கெடா மண்ணுக்கு இது புதிதல்ல

ஒன்றை நினைவுபடுத்தி முடிக்கிறேன். 1947ம் ஆண்டில் இதே கெடாவில், பீடோங் பக்கத்து ஹார்வர்டு தோட்டத்தில் ஏ.எம். சாமி என்பவர் தலைமையில் தோட்டத்து இளைஞர்கள் தொண்டர் படையாகத் திரண்டார்கள். கள் நமது குடும்பங்களைக் கெடுக்கிறது என்று கள்ளுக்கடைகளை எதிர்த்து மறியல் செய்தார்கள். போலீசார் அடக்கினார்கள், உயிர்ப் பலியும் நேர்ந்தது. எழுத்து வாசனை அதிகம் இல்லாத பால்மரத் தொழிலாளிகள், 'எங்கள் கூலி எங்கள் வீட்டுக்கே போகவேண்டும்' என்று எழுந்து நின்ற வரலாறு நமக்கு இருக்கிறது.

இன்றைய எதிரிக்கு மறியல் செய்யக் கடை வாசல் இல்லை. அது நமது சட்டைப் பையில் இருக்கிறது. ஆகவே போராட்டமும் அங்கேதான் தொடங்கவேண்டும்.

தம்பி, ஒரு காலி மைலோ டின்னை எடுத்து மூடியில் ஒரு ஓட்டை போடுங்கள். விட்ட நாள் முதல் தினமும் சிகரெட் காசை அதில் போடுங்கள். மாதக் கடைசியில் அதை எண்ணிக் கணக்கு எழுதும் வேலையை மகனிடம் கொடுங்கள். முதல் மாதம் 510 வெள்ளி எண்ணும்போது இருவரும் பேசித்தானே ஆகவேண்டும்?

சகோதரி, மூன்று மாதம் கழித்து எனக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். டின்னில் எவ்வளவு சேர்ந்தது என்பதை மகனையே எழுதச் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.